பாய்லர் ஓட்டை இல்லை பாப்பா

தேவிகுளம்
மார்கழி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நாலு நாளாக விடியற்காலையில் தேயிலைச் செடி மேல் உறைபனி. அம்மா மூட்டுவலியைத் திட்டிக்கொண்டே நடமாடுகிறாள்.

உன் வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரை எடுத்து நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாய்லருக்கு அடியில் துருத் தண்ணீர்க் கறை, புகைக்குழாய் இணைப்பிலும் ஈரம். ஓட்டை என்று பயப்படுகிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எஸ்டேட் லயத்து வீட்டில் நமக்கு ஒரு செம்பு வெந்நீர் பாய்லர் இருந்ததே. பச்சைத் தண்ணீர் நிரப்பிப் பற்றவைத்தால் நடுக்குழாயிலிருந்து கங்கில் சொட்டு விழுந்து 'சுர்' என்னும். ஒரு தடவை அதைத் தோளில் வைத்து, பஸ் ஏறி, போடியில் பாத்திர ஓட்டை அடைக்கிறவரிடம் கொண்டுபோனேன். அவர் தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். புகையில் இருந்த ஈரம்தான் குளிர்ந்த செம்பில் பட்டு வியர்த்திருக்கிறது. அப்போது நான் ஃபாக்டரி பாய்லரில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

உன் வீட்டிலும் அதே வியர்வைதான். ஒரு கன மீட்டர் கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு போகிறது. அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டரைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருந்தால், அந்த ஆவி பாய்லருக்குள்ளேயே தண்ணீராகிவிடும். வெறும் தண்ணீர் இல்லை, புளிப்பேறிய தண்ணீர். வார்ப்பிரும்பை அரித்துவிடும். பற்றவைத்த புதிதில் கொஞ்ச நேரம் வியர்த்தால் பரவாயில்லை, சூட்டில் காய்ந்துவிடும். நாள் முழுக்க நனைந்தால்தான் கேடு.

சிநேகிதர் சொன்னார் என்று மாப்பிள்ளை பாய்லர் சூட்டை 75 டிகிரியிலிருந்து 50-க்குக் குறைத்தார் என்றாயே, அங்கேதான் சிக்கல். பாய்லரிலிருந்து போகும் தண்ணீரே 50 என்றால் திரும்புவது 40-தான் இருக்கும். சிநேகிதர் சொன்னது தப்பில்லை. அவர் வீட்டில் இருப்பது கண்டென்சிங் பாய்லராக இருக்கும். அது ஆவியைத் தண்ணீராக்கி அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்ளும் வகை, திரும்பும் தண்ணீர் குளிர்ந்திருந்தால்தான் அதற்கு லாபம். அரிக்காத உலோகம், தண்ணீர் வடிய தனி பிளாஸ்டிக் குழாய் எல்லாம் அதில் உண்டு. உன் போட்டோவில் அந்தக் குழாய் இல்லை. இரும்புக் குழாய் நேரே செங்கல் சிம்னிக்குள் போகிறது.

இப்போதைக்குப் பழையபடி 75-இல் வைக்கச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே, நீயே கண்டுபிடித்த மாதிரி சொல். ஆனால் உங்கள் ரேடியேட்டர்கள் பழைய பெருந்தீனிக்காரர்கள், நிறையத் தண்ணீர் பிடிப்பவை. 75-இல் வைத்தாலும் திரும்பும் தண்ணீர் சூடேற நேரமாகலாம். அப்படியானால் மெக்கானிக்கிடம் பைபாஸ் குழாயும் மிக்சிங் வால்வும் கேள். சூடான தண்ணீரில் கொஞ்சத்தைத் திருப்பிக் கலந்து, பாய்லருக்குள் நுழைவதை 55-க்கு மேலே நிறுத்தும். ஆச்சி குடத்தை ஒரேயடியாகக் கவிழ்க்காமல் செம்பு செம்பாக ஊற்றுவாளே, ஏறக்குறைய அதே வேலைதான்.

மெக்கானிக் வரும்போது சிம்னியையும் பார்க்கச் சொல். துருச்செதில் அடைத்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு வீட்டுக்குள் திரும்பும். அது என்ன செய்யும் என்று நர்சான உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாயு வந்தால் கத்தும் அலாரத்தின் பேட்டரியை இன்றைக்கே பார்த்துவிடு.

அப்புறம், திரும்பி வரும் குழாயில் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டி, மேலே துணி சுற்றி, பாய்லர் ஓடத் தொடங்கி அரை மணி கழித்து எவ்வளவு காட்டுகிறது என்று போட்டோ எடுத்து அனுப்பு. ராத்திரி என்றாலும் பரவாயில்லை, முழித்துத்தான் இருப்பேன்.

அப்பா