ராஸ்பெர்ரி பையைச் சரிசெய்து தந்த அண்ணனுக்கு நன்றி

எங்கள் பள்ளியின் பார்வையற்ற பிள்ளைகளுக்காக, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் ஓடும் பைத்தான் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) அது; கீபோர்டில் எண்ணை அழுத்தினால் பாடம் ஒலிக்கும். நாம் ஓட்டினால் ஓடும். கரண்ட் போய் வந்தால் தானாகத் தொடங்கும், ஆனால் எந்த விசைக்கும் அசையாது.

எலக்ட்ரானிக்ஸ் கடையில் பக்கத்தில் நின்ற நீங்கள், கேட்காமலேயே உட்கார்ந்தீர்கள். கணினி இயங்கத் தொடங்கும்போது நிரல்களைத் தானாக ஓட்டும் சிஸ்டம்டி தொடங்கிவைக்கும் ஸ்கிரிப்டுக்கு, நாம் தட்டுவதை வாங்கித் தரும் டெர்மினல் என்ற திரை இருக்காது, அதனால் தட்டுவது அதற்குப் போய்ச் சேராது என்று பொறுமையாக விளக்கினீர்கள். விசை அழுத்தங்களை லினக்ஸிடமிருந்தே வாங்கித் தரும் எவ்டெவ் வழியாகக் கீபோர்டை நேரடியாகப் படிக்கும்படி மாற்றினீர்கள். அப்புறம், கீபோர்டை வேறு போர்ட்டில் செருகினாலும் வேலை செய்ய வேண்டுமென்று, கணினி கீபோர்டுக்குக் கொடுக்கும், மாறக்கூடிய ஈவென்ட் எண்ணை எடுத்துவிட்டு அதன் நிலையான பெயரை எழுதினீர்கள். அந்த அக்கறைதான் பெரிது!

பெயரைக்கூடச் சொல்லாமல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டீர்கள். மனமார்ந்த நன்றி அண்ணா. இப்போது பிள்ளைகளே சுவிட்சைப் போட்டுப் பாடம் கேட்கிறார்கள். இதைப் பார்த்தால் ஒருமுறை பள்ளிக்கு வாருங்கள்.