துப்பாக்கிச் சாவெல்லாம் கொலை அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் பற்றிய உங்கள் கட்டுரையில், ‘2021இல் 48,830 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்’ என்று இருந்தது. எண் சரி, சொன்ன விதம்தான் தவறு. அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலையானவர்கள் 20,958. வீட்டில் துப்பாக்கி இருந்தால் தற்கொலை அபாயம் கூடும் என்பதே கட்டுப்பாடு கேட்பவர்களுக்கு வலுவான வாதம். அதைப் போய்க் கொலைக் கணக்கில் ஏன் ஒளித்துவைக்க வேண்டும்?

எதிர்த்தரப்பு மட்டும் யோக்கியமா? ‘சிகாகோவில் அத்தனை சட்டம் இருந்தும் எத்தனை கொலை பார்’ என்பது அவர்களின் பழைய பல்லவி. என் மகள் அங்கேதான் இருக்கிறாள். கோயிலில் பார்க்கிறவர்கள்கூட ‘அவ பத்திரமா இருக்காளா?’ என்று கேட்கிறார்கள். 2021இல் அங்கே சுமார் 800 கொலைகள். மக்கள்தொகை 27 லட்சம். லட்சத்துக்கு 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸில் சுமார் 200தான். ஆனால் அந்த நகரில் இருப்பதே 3 லட்சம் பேர்! வகுத்துப் பார்த்தால் சிகாகோவைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கைத்துப்பாக்கி வாங்க அனுமதி பெற வேண்டும் என்ற சட்டத்தை மிசூரி 2007இலேயே நீக்கிவிட்டது. (அதனால்தான் கொலை கூடியது என்று நான் சொல்லவில்லை. ஓர் ஊரை வைத்து அதையும் நிரூபிக்க முடியாது.)

அப்புறம், நாடு முழுவதும் போலீஸ் தரும் குற்றக் கணக்கைத் தொகுக்கும் எஃப்பிஐ (அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு) 2021இல் புதிய பதிவுமுறைக்கு மாறியபோது நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் கணக்கே முழுதாகச் சேரவில்லை. அந்த ஆண்டின் எஃப்பிஐ கணக்கை 2020உடன் ஒப்பிடுவது வீண் வம்பு.

அடுத்த முறை தற்கொலையையும் கொலையையும் தனித்தனியாக, லட்சத்துக்கு எத்தனை என்று போடுங்கள்.

– ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர், பாளையங்கோட்டை