வெல்டிங் பணியிட ஆய்வில் ஆர்க் அணைந்திருக்கும் நேரத்தையும் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வெல்டிங், கேஸ் கட்டிங் தொழிலாளர்கள் மற்றும் பட்டறை மேற்பார்வையாளர்கள்

பெறுநர்:
தொழிலகப் பாதுகாப்பு இயக்குநர் அவர்கள்

பொருள்: வெல்டிங் பணியிடங்களில் தீ, மின் அதிர்ச்சி, நச்சுப்புகை தடுப்பு – ஆய்வு முறையில் திருத்தம் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஆய்வுக்கு வரும் அலுவலர்கள் முகக்கவசம், கையுறை, தீயணைப்பான் மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். பார்க்க வேண்டியவைதான். ஆனால் இந்தத் தொழிலில் உயிரைப் பறிக்கும் ஆபத்துகளில் பல, ஆர்க் (உலோகத்தை உருக்கும் மின்சுடர்) எரியாத நேரத்தில்தான் வருகின்றன. அந்த நேரத்தை இப்போதைய ஆய்வு கணக்கில் எடுப்பதே இல்லை.

முதலில் ஷாக். ஆர்க் எரியும்போது, வெல்டிங் ராடைப் பிடிக்கும் ஹோல்டருக்கும் பற்றவைக்கப்படும் உலோகமான ஜாபுக்கும் இடையே இருப்பது ஏறத்தாழ 20 முதல் 30 வோல்ட். அணைந்ததும் அது 50 முதல் 80 வோல்ட் வரை ஏறிவிடும். வெல்டர் ராடு மாற்றுவது அப்போதுதான். இரும்புத் தொட்டிக்குள் முழங்கால் ஊன்றி, வியர்வையில் ஊறிய கையுறையோடு புது ராடைச் செருகுபவரின் உடம்பு வழியாகவே மின்சாரம் ஜாபுக்கு இறங்க முடியும். மெயின் போர்டில், மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதே என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மெயின் சப்ளைப் பக்கம் கசிந்தால் அது டிரிப் ஆகும். வெல்டிங் மெஷினுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி ஹோல்டர் பக்கம் அடிக்கும் ஷாக் அதற்குத் தெரியாது. ஆகவே ஈரமான இடத்திலும் தொட்டி, பாய்லர் போன்ற அடைசலான இடத்திலும் ஆர்க் இல்லாதபோது வோல்டேஜைத் தானாகக் குறைக்கும் விஆர்டி பொருத்திய டிசி மெஷினை மட்டுமே அனுமதிக்க வேண்டுகிறோம். உலர்ந்த மாற்றுக் கையுறை ஒரு ஜோடி, மண்டியிட ரப்பர் விரிப்பு, வெளியே சுவிட்ச் அருகில் ஒரு ஆள் – இவையும் அங்கே தேவை.

மின்சாரத்தை மெஷினுக்குத் திருப்பும் எர்த் கிளாம்பை வெல்டிங் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஜாபிலேயே மாட்ட வேண்டும். தூணிலோ பைப் லைனிலோ மாட்டிவிட்டால், மெஷினுக்குத் திரும்பும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கிடைத்த வழியில் போகும்: ஹாயிஸ்ட் சங்கிலி, பேரிங், வேறொரு மெஷினின் மெல்லிய எர்த் ஒயர். வெல்டிங் ஓரிடம், ஒயர் எரிவது வேறிடம் என்று ஆவது இதனால்தான்.

தீயும் பல நேரம் வேலை முடிந்த பிறகே கிளம்புகிறது. பொறி 10 மீட்டருக்கும் மேல் தெறிக்கும். தளத்து ஓட்டை வழியாகக் கீழ் மாடிக்கு இறங்கும். பஞ்சுக் கழிவிலோ மரத்தூளிலோ விழுந்தால் கண்ணுக்குத் தெரியாமல் கனன்று, எல்லாரும் போன பின் பற்றும். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 51பி தரநிலை, வேலை முடிந்த பின் தீ பற்றுகிறதா என்று ஒருவர் நின்று பார்க்கும் தீக்காவல் நேரத்தை 30 நிமிடத்திலிருந்து 60 நிமிடமாக 2019 பதிப்பில் உயர்த்தியது. இங்கும் அதையே விதியாக்க வேண்டும். காவலருக்கு வேறு வேலை தரக் கூடாது. கீழ்த்தளத்தையும் சுவரின் மறுபக்கத்தையும் அவர் பார்க்க வேண்டும். வேலைக்கான அனுமதிச் சீட்டை (பெர்மிட்) முடித்துக் கையெழுத்திட வேண்டியவர் அவரே. வெல்டர் அல்ல.

அடுத்தது உணவு இடைவேளை. வாயுக் குழாய் இணைந்த டார்ச்சைத் தொட்டிக்குள்ளேயே போட்டுவிட்டு ஏறி வருவது பழகிப்போன வழக்கம். வெல்டிங்குக்குப் பயன்படும் ஆர்கான் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அடியில் தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இறங்கியவர் மயங்கி விழுவார். தூக்கப் போனவரும் விழுவார். ஆக்சிஜன் கசிந்தால் வேறு கதை: உடுத்திய துணி ஒரு பொறிக்கே குபீரெனப் பற்றும். இடைவேளையில் டார்ச் வெளியே வர வேண்டும், சிலிண்டர் வால்வு மூடப்பட வேண்டும். மறுபடி இறங்குமுன் தொட்டியின் அடிமட்டத்தில் ஆக்சிஜனை அளந்து, 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டுமே அனுமதி.

புகையின் விளைவும் தாமதமாகவே தெரியும். ஜிஐ பைப்பை நாகப் பூச்சு நீக்காமல் பற்றவைத்தவருக்கு, குளிரும் காய்ச்சலும் பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகே வருகின்றன. குளோரின் கலந்த கிளீனரால் துடைத்த பாகம் காயாமல் ஆர்க் ஒளி பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும்; அதன் நுரையீரல் பாதிப்பு பல மணி நேரம் கழித்தே முற்றலாம். வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-இல் வகைப்படுத்தியிருக்கிறது. கூரையில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியிருப்பதைப் பார்த்து ஆய்வில் திருப்தி அடைகிறார்கள். அது புகையை வெல்டரின் முகத்தைத் தாண்டித்தான் மேலே இழுக்கிறது. ஆர்க்கிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. தூரத்துக்குள், பக்கவாட்டில் நிற்கும் உறிஞ்சுகுழலைக் கட்டாயமாக்க வேண்டும்.

ஆகவே மேற்கண்டவற்றை ஆய்வுப் படிவத்தில் சேர்த்து ஆணையிடுமாறும், ஆய்வுகளில் ஒரு பகுதியை முன்னறிவிப்பின்றி உணவு இடைவேளையிலும் ஷிஃப்ட் முடிந்த முதல் மணி நேரத்திலும் நடத்துமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வெல்டிங், கேஸ் கட்டிங் தொழிலாளர்கள் மற்றும் மேற்பார்வையாளர்கள்