நாதாங்கி

கண்ணு,

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். பெட்ரூம் நாதாங்கி கழன்றுவிட்டது, எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தாய். அதற்கு முன்னால் பத்து நாளாகப் போனே இல்லை. சரி, வேலை இருந்திருக்கும்.

ஸ்க்ரூ ஓட்டை லூசாகியிருந்தால் தீக்குச்சி போதும். மருந்தைக் கிள்ளிவிட்டு, ஃபெவிகாலில் முக்கி, மூன்று நான்கு குச்சியை ஓட்டைக்குள் இறுக்கமாகச் செருகு. மரக்குச்சியாகப் பார்த்து வாங்கு, மெழுகுக் குச்சியில் பசை பிடிக்காது. ஒரு ராத்திரி காயட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை பிளேடால் சீவிவிட்டு, பழைய ஸ்க்ரூவையே கையால் முடுக்கு. கடையில் பெரிய ஸ்க்ரூவாகத் தருவார்கள், வாங்காதே. நிலை பிளந்துவிடும். ஏழாவது படிக்கும்போதே சைக்கிள் செயினை நீயே மாட்டியவள், உனக்கு இதெல்லாம் ஒரு வேலையா.

ஆனால் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாள்பட்டுத் தேய்ந்த ஓட்டை உள்ளே வழவழவென்று, துருக்கறை படிந்து கறுத்திருக்கும். இது வெள்ளை வெளேரென்று சிராய் சிராயாக நிற்கிறது. இதற்குத் தீக்குச்சி தாங்காது. 10 மில்லிமீட்டரில் துளை போட்டு, உருண்டையாகச் சீவிய தேக்குத் துண்டைப் பசையோடு அடித்து இறக்கி, 24 மணி நேரம் விட வேண்டும். அப்புறம் 3 மில்லிமீட்டரில் துளை போட்டுக்கொண்டுதான் 8-ஆம் நம்பர் ஸ்க்ரூவை முடுக்கணும். பெரிய ஸ்க்ரூ மட்டும் வேண்டாம்.

மாப்பிள்ளை ஊரில்தானே இருக்கிறார்? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நம் தெற்கு ரூம் நாதாங்கி உனக்கு நினைவிருக்கும். மரம் பழசு, அதனால் கழன்றுவிட்டது என்று உன்னிடமும் தம்பியிடமும் சொன்னேன். பழசில்லை. அம்மா உள்ளே தாழ் போட்டிருந்தாள், நான் வெளியிலிருந்து உதைத்தேன். காலையில் நீங்கள் ஸ்கூலுக்குப் போன பிறகு தீக்குச்சி வைத்து அடைத்தேன். அந்த வருஷமே இன்னொரு தடவையும் அடைத்தேன். ஃபெவிகால் டப்பாவைப் பிடித்துக்கொண்டு அம்மா பக்கத்தில் நின்றாள், ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிவரை அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை கண்ணு.

தெற்கு ரூமைப் பெருக்கி மெத்தையை வெயிலில் போட்டு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஈரோட்டில் ரயில் ஏறுகிறேன். டிரில் மெஷினும் தேக்குத் துண்டும் கொண்டு வருகிறேன். பசை காய ஒரு நாள் ஆகும், அதுவரை அங்கேதான் இருப்பேன். வேண்டாம் என்று சொல்லாதே.

அப்பா