பவளப்பாறைக்குப் போகும் முன் நீச்சல் குளத்தில் பழகுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழு ஆண்டுத் தேர்வு முடிவதற்குள்ளேயே வேலூர், காட்பாடி, ஆற்காடு எங்கும் அந்தமான், லட்சத்தீவு சுற்றுலா விளம்பரங்கள் வந்துவிடுகின்றன. பவளப்பாறைகளின் மேல் ஸ்நார்கெலிங் (கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் அணிந்து, வாயில் கவ்விய குழாய் வழியே மூச்சு விட்டபடி குப்புற மிதந்து கடலடியைப் பார்ப்பது) அவற்றில் தவறாமல் இருக்கிறது. படகிலிருந்து இறங்கும்போது சொல்லித் தரும் சில நிமிடப் பாடம் போதாது. புறப்படும் முன் ஊரிலேயே பழகிக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்தில் பலரும் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். நிமிர்ந்த நிலையில் காலால் மிதித்து மிதப்பது அவர்களுக்குக் கைவந்த கலை. பவளத்தின் மேல் அதுதான் ஆபத்து. சில இடங்களில் அங்கே இடுப்பளவு நீர்தான் இருக்கும். குழாயில் ஒரு மடக்கு உப்புநீர் ஏறியதும் தலையைத் தூக்குவார்கள், கால் கீழே தொங்கும், ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) பட்டுக் கிளைப் பவளம் முறியும். பதற்றத்தில் சிலர் அதன் மேலேயே நின்றுவிடுகிறார்கள். பாறையாகத் தெரிந்தாலும் மேற்பரப்பு முழுக்க உயிருள்ள பவளப்பூச்சிகள். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 செ.மீ. தான் வளர்கிறது. மிதித்தவர் காலுக்கும் நல்லதல்ல. பவளக் கீறல் எளிதில் ஆறாது. கல்லோடு கல்லாகக் கிடக்கும் நச்சுமுள் மீனும் இருக்கலாம். அது குத்தினால், தாங்கும் சூட்டில் (45 டிகிரியைத் தாண்டாமல்) வெந்நீரில் காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருந்து, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மாஸ்க்கை வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டி நின்றால் அளவு சரி. நீர் கசிந்தால் எல்லாரும் வாரைத்தான் இறுக்குகிறார்கள். அதனால் சிலிகான் விளிம்பு மடங்கி இன்னும் கசியும். பெரும்பாலும் காரணம் உள்ளே சிக்கிய தலைமுடி, இல்லையென்றால் மீசை. புதுக் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த படலம் இருக்கும். பற்பசையால் தேய்த்துக் கழுவாவிட்டால் ஓயாமல் ஆவி படியும். பிறகு ஒவ்வொரு முறையும் உட்புறம் எச்சில் தடவி அலசினால் போதும்.

குழாய் 35 முதல் 40 செ.மீ. வரை இருக்கலாம். அதைவிட நீளமானால் விட்ட மூச்சே குழாயில் தங்கித் திரும்ப உள்ளே வரும். முகம் முழுதும் மூடும் மாஸ்க்கைப் புதியவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

பயிற்சிக்குக் கிணறு வேண்டாம், கால் ஊன்ற இடமிருக்காது. நீச்சல் குளத்தில் இடுப்பளவு நீரில் நின்று, முகத்தை மட்டும் அமிழ்த்தி ஐந்து நிமிடம் வாயால் நிதானமாக மூச்சு விடுங்கள். அடுத்து, வேண்டுமென்றே குழாயில் நீர் புகவிட்டு, 'தூ' என்று ஒரே ஊதலில் வெளியேற்றுங்கள். தலையைத் தூக்காமல் இது கைகூடும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். அதன்பின் குப்புற மிதந்து, முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து மெல்லக் காலசைக்கலாம். கடலில் நீச்சல் தெரிந்தவரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, துணையோடுதான் இறங்க வேண்டும். மூழ்கிப் பார்க்கும் ஆசையில் வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு அமிழ்வது கொடிய ஆபத்து. மூச்சு முட்டும் உணர்வே வராமல் நினைவு தப்பிவிடும்.

அக்கினி நட்சத்திரத்துக்குத் தப்பிக்க மே பிற்பாதியில் கிளம்பாதீர்கள். அந்தமானில் அப்போது பருவமழை தொடங்கிவிடும், கடல் கலங்கும். பொங்கல் விடுமுறையோ ஏப்ரலோ நல்லது. குப்புற மிதக்கும்போது வெயிலில் பின்கழுத்தும் கெண்டைக்காலும்தான் முதலில் வெந்து போகும். அதற்கு முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடையே மேல். ஆக்ஸிபென்சோன் என்ற வேதிப்பொருள் உள்ள சன்ஸ்கிரீனைப் பவளங்களுக்காக 2021 முதல் ஹவாயில் விற்க முடியாது. நாமும் அதைத் தவிர்க்கலாம். கரை ஒதுங்கிய பவளத் துண்டையும் எடுக்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

நம் மாவட்டத்தில் நீச்சல் குளம் நடத்துவோர் ஆழமில்லாத பகுதியை, பிள்ளைகள் கூட்டம் சேரும் முன் காலையில் ஒரு மணி நேரம் இந்தப் பயிற்சிக்கு ஒதுக்கித் தர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியே கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நீச்சல் பயிற்சியாளர்கள்,
காட்பாடி, வேலூர்.