ராச்செஸ்டரின் உருண்டை மூலை

அன்புள்ள சேகர்,

லண்டனுக்கு வரும்போது நார்மன் கோட்டை ஒன்றை, அதாவது 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் கட்டியதைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். ராச்செஸ்டர் ஊரில் இருக்கும் கோட்டைக்கே போ. லண்டனின் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம், அங்கிருந்து நடைதூரம்தான்.

போனதும் டிக்கெட் வாங்க ஓடாதே. மதிலுக்குள் இருக்கும் புல்வெளிக்குக் கட்டணம் கிடையாது. முதலில் கோபுரத்தை வெளியே ஒரு சுற்றுச் சுற்றி வா. மூன்று மூலைகள் சதுரம், தென்கிழக்கு மூலை மட்டும் உருண்டை. அங்கே கொஞ்சம் நேரம் நில்.

1127க்குப் பிறகு கான்டர்பரி பேராயர் வில்லியம் டி கார்பெயில் எழுப்பிய கோபுரம் அது. உயரம் நூறடிக்கு மேல், சுவரின் கனம் அடியில் சுமார் 12 அடி. 1215இல் இங்கிலாந்து மன்னர் ஜான், தன்னை எதிர்த்த பிரபுக்களின் ஆட்கள் அதற்குள் இருந்ததால், அதை ஏழு வாரம் முற்றுகையிட்டார். கல்லெறி பொறிகளுக்குச் சுவர் அசையவில்லை. அதனால் அந்த மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மேலே இருக்கும் பாரத்துக்கு மரங்களை முட்டுக் கொடுத்தார்கள். தின்னத் தகாத கொழுத்த பன்றிகள் 40 அனுப்பும்படி மன்னர் எழுதிய ஆணை இன்றும் இருக்கிறது. அந்தக் கொழுப்பில் தீ மூண்டு முட்டுகள் கருக, மூலை அப்படியே சரிந்தது. அப்போதும் உள்ளிருந்தவர்கள் பணியவில்லை. கோபுரத்தை இரண்டாகப் பிரிக்கும் குறுக்குச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கிப் போரிட்டார்கள். கடைசியில் பசிதான் அவர்களை வென்றது. ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி காலத்தில் திருப்பிக் கட்டியபோது மூலையை உருண்டையாக்கினார்கள். சதுர மூலையில் கல்லைப் பெயர்ப்பது எளிது, வளைவில் பிடி கிடைக்காது.

உள்ளே போனதும் அந்தக் குறுக்குச் சுவரைத் தேடு. அதன் நடுவில் கிணற்றுக் குழி அடித்தளத்திலிருந்து மேலேறுகிறது. ஒவ்வொரு தளத்திலும் வாளி இறக்க ஒரு திறப்பு. எந்தத் தளத்தில் ஒதுங்கினாலும் தண்ணீர் கைக்கெட்டும்.

மரத்தளங்களும் கூரையும் இப்போது இல்லை. சுவரில் வரிசையாகத் தெரியும் குழிகள் உத்திரங்கள் செருகிய இடங்கள். அவற்றை எண்ணித் தளங்களைப் பிரித்துப் பார். இரண்டாம் தளத்தில் தூண்களும் கோண வரிச் செதுக்கல் உள்ள வளைவுகளும் தெரியும். அதுதான் பெருமண்டபம்.

சுருள் படி குறுகலானது. நடுத்தூண் பக்கம் மிதிக்க இடமே இராது. ஏறும்போது வெளிச்சுவரை ஒட்டி ஏறு. மழை பெய்தால் புறா எச்சம் ஊறி வழுக்கும், ரப்பர் அடிச்செருப்பு போட்டுக்கொள். குடை வேண்டாம், மழைக்கோட்டு போதும். மூடும் நேரத்துக்கு முன்பே அனுமதியை நிறுத்திவிடுவார்கள். மதியத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிடு. உச்சியில் மெட்வே ஆற்றையும் எதிரே கதீட்ரலையும் பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுது.

அன்புடன்,
கதிர்