ஏழு கிலோ பெட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கால் வீக்கமும் வடிந்துவிட்டது. போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று நாலு நிமிஷத்தில் வைத்துவிடுகிறாய். எழுதினால்தான் எனக்கு முழுசாகப் பேச வருகிறது.

நீ அனுப்பிய படம் பார்த்தேன். கட்டில் மேல் துணியெல்லாம் பரப்பி வைத்து, "சிங்கப்பூரிலிருந்து கப்பலில் பினாங்கு, ஃபூக்கெட் போய்த் திரும்புறேன்மா, நாலு ராத்திரி. இதில் எதைக் குறைக்கலாம்?" என்று கேட்டிருந்தாய். ரொம்ப நாள் கழித்து என்னிடம் நீ ஒன்று கேட்டிருக்கிறாய். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பெட்டி, ஒரு பிரஷ், ஒரு ஜோடிச் செருப்பு.

சரி, கேட்டதற்கு முதலில் சொல்கிறேன்.

ஏழு மேல்சட்டை எதற்கு? மூணு போதும். கீழே போட ரெண்டு. மாற்றி மாற்றிப் போட்டால் ஆறு ஜோடி வருகிறது, கணக்கு டீச்சர் மகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அஞ்சும் ஒன்றோடொன்று சேருகிற நிறமாக இருக்கணும். அந்த மாம்பழ மஞ்சள் எதோடும் சேராது, வீட்டிலேயே விடு. பனியன் துணியைச் சுருட்டி வை. சுருக்கம் விழாது, இடமும் மிச்சம். பருத்தியைச் சுருட்டாதே. மடிப்புக்கு நடுவில் பழைய வேட்டித்துண்டு மாதிரி மெல்லிசாக ஒன்றைக் கொடுத்து மடி, மடிப்பு கூராக விழாது. ஒரு ராத்திரி எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு சாப்பிட வருவார்களாமே, அதற்குப் பட்டெல்லாம் வேண்டாம். உன் நாவல்பழ நிற கிரேப் சேலை போதும். பந்தாகச் சுருட்டி வைத்தாலும் உதறிக் கட்டினால் இஸ்திரி போட்டது போல் நிற்கும். ஒரு சால்வை கட்டாயம். கப்பல் முழுக்க ஏசிதான்.

உள்ளாடை மூணு செட்டுக்கு மேல் வேண்டாம். ராத்திரி அலசி, குளித்த துண்டில் வைத்துச் சுருட்டி, அதன் மேல் ஏறி நின்று மிதி. தண்ணீரெல்லாம் துண்டு குடித்துவிடும், காலையில் காய்ந்திருக்கும். ஹாஸ்டலில் நீ இப்படித்தானே செய்தாய்? பதினேழு வயசில் திருச்சிக்கு ஒற்றைப் பெட்டியோடு போய் நின்றவள். வார்டன் அம்மா, "இவ்வளவுதானா?" என்று என்னைக் கேட்டாள். "என் மகளுக்கு இவ்வளவு போதும்" என்றேன். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை கொஞ்சமில்லை.

கனமானதைச் சக்கரப் பக்கம் வை, நிமிர்த்தும்போது சரியாது. ஷூவுக்குள் காலுறையைத் திணி. ஷாம்பு புட்டியின் மூடியைத் திறந்து, வாய்மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டை வைத்து மறுபடி திருகு, ஒழுகாது. அத்தை பெட்டியில் நடந்தது உனக்கு நினைவிருக்கும்.

முக்கியமானது: தைராய்டு மாத்திரையைப் பெரிய பெட்டியில் போடாதே. நாலு நாளுக்கு நாலு என்று எண்ணாமல் ரெண்டு நாள் கூடுதலாக, அட்டையோடு, கைப்பையில் வை. கப்பல் ஏறும் இடத்தில் பெட்டியை வாங்கிக்கொள்வார்களாம், அது அறைக்கு வந்து சேரச் சாயங்காலம்கூட ஆகிவிடுமாம். அதுவரை உன் கையில் இருப்பதுதான் உனக்கு. பாஸ்போர்ட், மாத்திரை, ஒரு மாற்று உடுப்பு, சார்ஜர். இவை தோளை விட்டு இறங்கக்கூடாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பாய். பின்தெரு அக்காவின் மகன் கப்பலில் அறை சுத்தம் பண்ணும் வேலையில் இருக்கிறான். லீவில் வந்திருக்கிறான். ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் கேட்டேன். அறை சின்னதாம், பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட வேண்டுமாம். சுவர் பெரும்பாலும் இரும்பாம், நாலு காந்தக் கொக்கி கொண்டுபோனால் தொப்பி, பை, ஈரத்துணி எல்லாம் சுவரிலேயே மாட்டலாமாம். பிளக் ஒன்றோ ரெண்டோதான், அதுவும் ரெண்டு முள் மாதிரிதான் நிறைய கப்பலில். உங்கள் ஊர் மூணு முள் அதில் போகாது, அடாப்டர் எடுத்துக்கொள். இஸ்திரிப்பெட்டி, கெட்டில், எக்ஸ்டென்ஷன் ஒயர் எதையும் வைக்காதே, சோதனையில் பிடுங்கி வைத்துவிடுவார்கள். தீ பயம். அது நியாயம்தான் பாப்பா. சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பல பேர் போனார்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இருந்த அந்தப் போக்குவரத்தே அதோடு நின்றுபோனது. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நம் தெருவிலேயே ரெண்டு வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் பெயர் வருமோ என்று.

முதல் நாள் எல்லோரையும் கூப்பிட்டு, ஆபத்து என்றால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று காட்டுவார்களாம். அதற்குப் போகாமல் அறையில் படுத்திருக்காதே. போய், உன் இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வா. கடல் என்றால் எனக்கு என்ன என்பது உனக்குத் தெரியும்.

குமட்டினால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் போய் உட்கார், ஆட்டம் அங்கேதான் குறைவு. அவோமின் மாத்திரை போடுவதாக இருந்தால் கப்பல் ஆடத் தொடங்கும் முன்பே போடு. இஞ்சி மொரப்பா உனக்கு அனுப்பலாம் என்று பார்த்தேன், போய்ச் சேராது. அங்கே தேக்கா மார்க்கெட் பக்கம் கிடைத்தால் வாங்கிக்கொள்.

அப்புறம் ஒரு விஷயம், சும்மா தெரிந்துகொள்ளத்தான். ஒரு அறைக்கு ஒருத்தர் மட்டும் போனாலும் நிறைய கப்பலில் ரெண்டு பேர் கட்டணம் கிட்டத்தட்ட வாங்கிவிடுவார்களாம், அந்தப் பையன் சொன்னான். நீ எப்படி எடுத்திருக்கிறாயோ எனக்குத் தெரியாது. யாராவது தோழி கூட வந்தால் பணமும் குறையும், துணையும் ஆச்சு. அவ்வளவுதான் சொன்னேன்.

கரை மறைந்ததும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடு. கப்பலின் சிக்னலில் மாட்டிக்கொண்டால் பில் ஏறிவிடுமாம். நாலு நாள் நீ பேசாவிட்டால் கப்பலில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். பொங்கலுக்கு முன்னும் பின்னும் பதினெட்டு நாள் பேசவில்லையே, அப்போது எதை நினைத்துக்கொள்வது? அப்பா தினமும் உன் பெயருக்கு நேரே கடைசியாக எப்போது பார்த்தாய் என்று வருமே, அதைப் பார்த்துவிட்டு, "இருக்கா, நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லிவிட்டுப் படுப்பார். நான் சண்டைக்கு எழுதவில்லை.

பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறக்குவார்களாம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் குயின் தெரு மகாமாரியம்மன் கோயில். 1833-இல் கட்டியது. தாத்தா வெள்ளிக்கிழமை தவறாமல் போன கோயில். அதற்காக ஒரு முழுநீளச் சுடிதார் வை, மூணில் ஒன்றாக அதையே வைத்துக்கொள். ஃபூக்கெட்டில் கப்பல் கடலில் நின்றுவிட்டு, படகில்தான் கரைக்குக் கொண்டுபோவார்களாம். ரெண்டு கையும் சும்மா இருக்கணும். தோளில் மாட்டும் பை ஒன்று, நனைந்தால் பரவாயில்லாத செருப்பு.

தாத்தா நம் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியதும் அப்படித்தான். கப்பல் தூரத்தில் நிற்கும், இங்கிருந்து தோணியில் போய் ஏறணும். அலையில் தோணி ஏறி இறங்கும்போது பச்சைப் பெட்டியை ஒருத்தர் கீழிருந்து தூக்க, ஒருத்தர் மேலிருந்து வாங்கணும். அதனால் அவர் பெட்டி கட்டி முடித்ததும் அதைத் தானே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கிப் பார்ப்பார். மூச்சு வாங்கினால் பிரித்து ஏதாவது ஒன்றை வெளியே எடுப்பார். நீயும் செய். உன் குடியிருப்பில் லிஃப்ட் இருக்கிறது என்று சொல்லாதே, படியில் ஏறிப் பார். மாத்திரை கைப்பையில்தானே?

எடை பார்க்க நம் கொக்கித் தராசு இன்னும் அலமாரியில்தான் கிடக்கிறது. 2022 ஆவணிக்கு அப்புறம் அதை நான் தொடவில்லை.

பாப்பா, அந்த ஆவணியில் நீ வந்தாயே. நீ வரும்போதெல்லாம் முப்பது கிலோ இருக்கும். மைலோ, கோடாலித் தைலம், அப்பாவுக்கு டார்ச் லைட், தம்பிக்குச் சட்டை. அந்த முறை கையில் தூக்கும் ஏழு கிலோ பெட்டி ஒன்றுதான். திருச்சியில் இறங்கி, விடியற்காலை வாசலில் வந்து நின்றாய். முகத்தைப் பார்த்தேன், பெட்டியையும் பார்த்தேன். தண்ணீர் கொடுக்கும் முன்னே, "மாப்பிள்ளை வரலையா? எத்தனை நாள் லீவு?" என்று கேட்டேன். நீ, "சும்மா பாக்கணும்போல இருந்துச்சும்மா" என்றாய்.

மூணாம் நாள் ராத்திரி அடுப்படியில் தரையில் வந்து உட்கார்ந்து, "அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. "நேரமாச்சு, பெட்டி அடுக்கணும், காலையில் பேசலாம்." காலையில் பேச நேரமே இல்லை. வாடகைக் கார் நாலு மணிக்கே வந்துவிட்டது. நான்தானே வரச் சொன்னேன்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. பெட்டியை அடுக்க நான்தான் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். அடியில் அந்த நீல ஃபைல் இருந்தது. உன் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, எல்லாம் பிளாஸ்டிக் உறையில். 2004 சுனாமிக்கு அப்புறம் வாசல் ஆணியில் மஞ்சள் பை தொங்குமே, ரேஷன் கார்டு, பத்திரம், உங்கள் மார்க் ஷீட்டெல்லாம் இப்படித்தானே உறை போட்டு வைத்திருந்தோம்? 2005 மார்ச்சில் நடு ராத்திரி அபாயம் என்று சொன்னபோது, ஒரு கையில் தம்பியையும் மறு கையில் அந்தப் பையையும் பிடித்துக்கொண்டு ஓடியது நீதான். மூணு நாள் லீவுக்கு வருகிறவள் சர்டிபிகேட்டைத் தூக்கிக்கொண்டு வரமாட்டாள். இனி அங்கே போவதில்லை என்று கிளம்பியவள்தான் அதை எடுத்து வருவாள். ஃபைல் கையில் பட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்தும் அதை அடியிலேயே திரும்ப வைத்தேன். மேலே மாப்பிள்ளைக்கு எடுத்த வேட்டி சட்டையைப் பரப்பினேன். பருப்புப்பொடி, நார்த்தங்காய், எல்லாம் இடுக்கு விடாமல் அடுக்கினேன். தராசில் மாட்டினேன். சரியாக ஏழு கிலோ. ஊர் என்ன சொல்லும் என்று நினைத்தேன், தம்பிக்குப் பெண் பார்க்கும் நேரம் என்று நினைத்தேன், உன்னை நினைக்கவில்லை. நீ ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டியை வாங்கிக்கொண்டு காரில் ஏறினாய். அப்பாவுக்கு ஃபைல் விஷயத்தை நான் சொல்லவே இல்லை. போன வாரம் உன் படத்தைப் பார்த்த அன்றைக்கு ராத்திரிதான் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ எழுது" என்றார்.

நீ எதையும் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கப்பலில் போ, கடலைப் பார், நன்றாகச் சாப்பிடு. தனியாகப் போனாலும் போ. தாத்தா நடந்த தெருவில் நடந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. உனக்கு நானே சேலையை மடித்துக் கொடுக்க முடியவில்லை என்பதுதான்.

அந்த நீல ஃபைலைக் கப்பலுக்குக் கொண்டுபோகாதே, ஈரக்காற்று. வீட்டில் பத்திரமாக வை. அடுத்த முறை இங்கே வரும்போது எடுத்து வா. திருச்சிக்கு அப்பாவும் நானும் வருகிறோம். பெட்டியை நான் திறக்கமாட்டேன். நீயே பிரித்து, பீரோவில் உனக்கு எந்தத் தட்டு வேண்டுமோ அதில் அடுக்கிக்கொள். மேல் ரெண்டு தட்டையும் காலி பண்ணிவிட்டேன்.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: கடைசி ராத்திரி பெட்டியை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்களாம், அவர்களே எடுத்துப்போய்விடுவார்கள். மறுநாள் போட உடுப்பையும் செருப்பையும் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் பெட்டியை மூடு. மாத்திரை கைப்பையில்.